யானையின் பின்னங்கால்

யானையின் வயிற்றுக்குள் வெளிச்சம் இல்லை. காற்றும் இல்லை. குலம் அண்ணை முழங்காலுக்குப் பூசியிருந்த தைலத்தின் வாசம் மட்டும் குறைவில்லாமல் இருந்தது.

"தம்பி, உன்ர தலை என்ர முதுகில முட்டுது."

"உங்கட முதுகுதான் அண்ணை என்ர வழியில நிக்குது."

"முன்னங்காலுக்கெண்டு ஒரு மரியாதை இருக்கு. கொஞ்சம் தள்ளி நில்."

எழுபதுகளின் கடைசி. மெல்பேர்ணில், ஸ்பிரிங்வேல் பக்கம் ஒரு தேவாலய மண்டபம். மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். போகிறேன் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கோடைகாலம் வாசலிலேயே நின்ற நாள். நாங்கள் பக்கத்து அறையில் காத்திருந்தோம். கதவுக்கு அந்தப் பக்கம், நாட்டுக்குப் புதிதாக வந்த வியட்நாமிய அகதிகள் பிள்ளைகுட்டிகளோடு கதிரைகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

எங்கள் தலைக்கு மேலே, பலகையில், இரண்டு பெண்கள் பட்டு உடுத்து மரவாள் பிடித்து அமர்ந்திருந்தார்கள். அவர்கள்தான் ட்ருங் சகோதரிகள். ஏறத்தாழ இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் சீனப் பேரரசை எதிர்த்து யானைமேல் ஏறிப் போருக்குப் போனவர்கள். யானை நாங்கள்.

குலம் அண்ணை முன்னங்கால், நான் பின்னங்கால். உலக சரித்திரத்தில் எனக்குக் கிடைத்த உத்தியோகம் அது ஒன்றுதான் என்பதால் குறை சொல்லவில்லை. ஆனாலும் முன்னங்காலுக்கு மூச்சுவிட ஓர் ஓட்டை இருந்தது. எனக்கு அதுவும் கிடையாது.

பருத்தித்துறை யானைகள்

இந்தத் தொடரை விடாமல் படிப்பவர்களுக்குக் குலம் அண்ணையைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பருத்தித்துறைக்காரர். கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். கலியாணம் கட்டாதவர். எங்கள் டண்டினொங் வீட்டின் பின்னறையில் குடியிருந்தார்.

வெள்ளைக்காரன் இலங்கையை விட்டுப் போனதை அவர் தனக்குச் செய்த துரோகமாகவே எடுத்துக்கொண்டவர். கட்டிலுக்கு மேலே மகாராணியின் படம் மாட்டியிருந்தார். என் மனைவி சரோ வெள்ளிக்கிழமைகளில் சுவாமிப் படங்களுக்குப் பூ வைத்து முடித்த பிறகு, "உங்கட அம்மனுக்கும் ஒண்டு வைக்கட்டோ அண்ணை?" என்று கேட்பாள். அவர் கோபிக்கமாட்டார். "வை. அவ வேண்டாமெண்டு சொல்லமாட்டா" என்பார்.

நாங்கள் இருவரும் லொறிகளை மூடும் படங்கு தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தோம். கூடாரங்களும் அங்கே தைக்கப்பட்டன. ஊரில் நான் கணக்கு வாத்தியார், அவர் கிளாக்கர். இங்கே படங்கின் ஓரத்தில் கயிறு கோர்க்கும் பித்தளை வளையங்களை அடித்துக்கொண்டிருந்தோம். படிப்புக்கேற்ற வேலை என்று ஊருக்கு எழுதியிருந்தேன்.

எங்களுக்கு எதிரே பெரிய தையல் மெசினில் லான் இருந்தாள். முப்பது வயதுகூட ஆகாத பெண். படகில் மலேசியாவுக்கு வந்து, முகாமில் கிடந்து, பிறகு மெல்பேர்ண். அவளுடைய கணவன் தென் வியட்நாம் இராணுவத்தில் ஒரு சின்ன அதிகாரி. சைகோன் விழுந்த பிறகு, வென்றவர்கள் அவனைச் சில நாள் பாடம் படிப்பிக்க என்று ஒரு சிறைமுகாமுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்தப் பாடம் முடிந்தபாடில்லை. அவன் வருவான் என்று லான் பழைய உடுப்புக் கடையில் ஒரு கம்பளிக் கோட்டு வாங்கி, அகதிகள் விடுதியில் தன் அறைக் கதவின் பின்னால் கொழுவி வைத்திருந்தாள். மெல்பேர்ண் குளிர் அவனுக்குப் புதிது அல்லவா.

நாங்கள் மூவரும் பேசியது ஆங்கிலம் என்று சொன்னால் ஆங்கிலம் எங்கள்மேல் வழக்குப் போடும். லான் சொன்னதை எனக்கு விளங்கிய விதத்தில் என் தமிழிலேயே எழுதுகிறேன்.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் லான் கேட்டாள்: "உங்கட நாட்டில யானை இருக்குதா?"

நான் வாயில் இருந்த பாண் துண்டை விழுங்குவதற்குள் குலம் அண்ணை முந்திக்கொண்டார். "யானையோ? எங்கட வீட்டுக்குப் பின்னால முழுக்க யானைதான். சின்ன வயசில யானைக்குச் சோறு வைச்சிட்டுத்தான் நான் பள்ளிக்கூடம் போறனான்."

பருத்தித்துறையில் குலம் அண்ணையின் வீட்டுக்குப் பின்னால் இருப்பது கடல். யாழ்ப்பாணக் குடாநாட்டில் காட்டு யானை கிடையாது. அவர் வாழ்நாளில் யானை பார்த்தது கொழும்பு மிருகக்காட்சிச்சாலையிலும், கோயில் திருவிழாவுக்கு வாடகைக்குக் கொண்டுவந்தபோதும்தான். அதுவும் தூரத்தில் நின்று.

லான் சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். முகம் அப்படி மலர்ந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"அப்ப எங்களுக்கு ஒரு யானை செய்து தாங்கோ" என்றாள்.

அக்காவும் தங்கச்சியும்

எதற்கு யானை என்று கேட்டோம். லான் தையல் சோக்கை எடுத்து, வெட்டி விழுந்த படங்குத் துண்டொன்றில் படம் கீறிச் சொன்னாள். ஹுவா என்று இன்னொரு பெண், எதற்கெடுத்தாலும் சிரிப்பவள், பக்கத்தில் நின்று சொல்லுக்கு உதவி செய்தாள்.

அக்காவின் பெயர் ட்ருங் ட்ராக். தங்கச்சி ட்ருங் ஞி. நாடு சீனாக்காரனின் கையில். வந்திருந்த அதிகாரி பொல்லாதவன். அக்காவின் புருசனைக் கொன்றுவிட்டான். ஊரை அடக்க அதுபோதும் என்று நினைத்தான். அக்காவும் தங்கச்சியும் யானையில் ஏறினார்கள். கோட்டைக்கு மேல் கோட்டையாகப் பிடித்தார்கள். அக்கா அரசியானாள்.

"புருசனைக் கொன்றதுக்கு ஒரு மனு எழுதிப் போட்டிருக்கலாமே" என்றார் குலம் அண்ணை. கந்தோர்ப் புத்தி.

லான் சிரிக்கவில்லை. "மனு எழுதியும் பாத்தவை. அது பிறகு, பிரெஞ்சுக்காரன்ர காலத்தில. ஃபான் சௌ ட்ரின் எண்டு ஒரு படிச்ச மனுசன். சனம் படுற பாட்டைப் பெரிய துரைக்கு விளக்கமா எழுதினவர்."

"பிறகு?"

"பிறகு அவரைத் தீவுச் சிறையில போட்டாங்கள்."

குலம் அண்ணை பிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றினார்.

சகோதரிகளின் ஆட்சி நெடுநாள் நிலைக்கவில்லை. சீனாவிலிருந்து பெரிய தளபதி ஒருவன் படையோடு வந்தான். தோற்றதும் இருவரும் ஆற்றில் குதித்தார்கள் என்று சனங்கள் சொல்வார்கள். தோற்றவர்களுக்கு வருடாவருடம் விழா எடுக்கிறார்களே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நாங்கள் வென்றவனுக்கு மட்டும்தான் மாலை போடுகிறவர்கள். தோற்றவனுக்குப் புத்தி சொல்லுவோம்.

போகிற போக்கில் லான் இன்னொன்றும் சொன்னாள். அக்கா படை நடத்திப் போனபோது புருசன் செத்த துக்கம் முடியவில்லை. துக்க உடுப்பில் போகவேண்டியவள், இருப்பதிலேயே வடிவான உடுப்பை உடுத்துப் போனாளாம். தளபதிகள் முகத்தைச் சுளித்தார்களாம். நான் அழுது வடிந்துகொண்டு முன்னால் போனால் பின்னால் வருகிறவனுக்கு எங்கேயிருந்து துணிவு வரும் என்று கேட்டாளாம்.

சைகோனில் அந்த விழாவுக்கு ஊர்வலம் போகும். மாணவிகளில் இருவரைத் தெரிந்தெடுத்து சகோதரிகளாக உடுத்தி, உண்மையான யானையில் ஏற்றுவார்கள். ஒரு வருடம் லான்தான் அக்கா. அந்த யானை நட்டநடு வீதியில் ஒரு பழக்கடைக்கு முன்னால் நின்றுவிட்டது. வாழைப்பழம் அத்தனையும் முடியும்வரை நகரவில்லை. பின்னால் பாண்டு வாத்தியம், பள்ளிக்கூடங்கள், பெரிய மனிதர்கள் எல்லாரும் வெயிலில் காத்து நின்றார்கள்.

"அந்தக் கடைக்குப் பக்கத்தில ஒருத்தர் நிண்டு என்னைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டே இருந்தவர்" என்றாள் லான். "யானை நிண்டபடியாத்தான் எனக்குக் கலியாணம் நடந்தது."

பாண்டிச்சேரி மீசை

விடுதியில் அகதிகளின் சங்கத்துக்குத் தலைவர் தூ ஐயா. எழுபது வயது தாண்டியவர். முருங்கைக்காய் போல் ஒல்லி. யானை செய்ய வந்தவர்கள் என்று லான் எங்களைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். கிழவர் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரே சொல்லில் முடித்தார். வேண்டாமாம்.

காரணம் குலம் அண்ணையின் மீசை. தூ ஐயா சின்னப் பையனாக இருந்தபோது பிரெஞ்சுக்காரனின் சுங்க அதிகாரிகள் கிராமத்துக்கு வந்து, வீட்டில் வடித்த அரிசிச் சாராயத்தைத் தேடி நிலத்தையெல்லாம் இரும்புக் கம்பியால் குத்திப் பார்ப்பார்களாம். அவர்களோடு பாண்டிச்சேரித் தமிழர் ஒருவரும் வருவாராம். பெரிய மீசை. கிழவரின் தகப்பனை அடித்தது வெள்ளைக்காரன் இல்லை, அந்த மீசை.

"ஐயா, அது இந்தியாக்காரர். நாங்கள் வேற" என்றார் குலம் அண்ணை. யாழ்ப்பாணத்தான் எந்த நாட்டுக்குப் போனாலும் சொல்லும் முதல் வசனம் அது.

"நிறமும் ஒண்டு, மீசையும் ஒண்டு" என்றார் கிழவர்.

எனக்கு வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. ஏகாதிபத்தியக்காரன் கெட்டிக்காரன். எங்களைக் கொண்டுபோய் அவர்களுக்குக் காவல் வைத்தான். கண்டி ராசாவைப் பிடித்து வேலூரில் வைத்தான் ஆங்கிலேயன். வியட்நாமில் சின்ன வயது ராசாக்கள் இரண்டு பேர் எதிர்த்து நிற்க, ஒருவரை அல்ஜீரியாவுக்கும் மற்றவரை ரீயூனியன் தீவுக்கும் கப்பலேற்றினான் பிரெஞ்சுக்காரன். ராசாக்களை இடம் மாற்றுவதில் இரண்டு கம்பனிக்கும் ஒரே பழக்கம். இதை நான் வீட்டுக்கு வரும் வழியில் குலம் அண்ணைக்குச் சொன்னேன். "வேலூர் நல்ல ஊர்" என்றார்.

அடுத்த நாள் காலை அவர் மீசையில்லாமல் குசினிக்குள் வந்தார். சரோவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. பதினெட்டு வயதிலிருந்து வளர்த்த மீசை. மகாராணிக்கு அடுத்தபடி அவர் மதித்தது அதைத்தான்.

"என்ன அண்ணை இது?"

"அரிச்சது" என்றார்.

அன்றைக்குப் பின்னேரம் தூ ஐயாவின் முன் போய் நின்றார். கிழவர் மேலுதட்டைப் பார்த்தார். பிறகு கதிரையைக் காட்டினார்.

யானை பிறந்தது

தொழிற்சாலையில் எங்கள் மேற்பார்வையாளன் கெவின் நல்ல மனிதன். யானை செய்யப்போகிறோம் என்றதும், ஏன் என்று கேட்காமல், எத்தனை என்று கேட்டான். கழிவுப் படங்கும், துணிச்சுருள் ஏற்றும் நீளத் தள்ளுவண்டி ஒன்றும் தந்தான். திங்கட்கிழமை காலை வண்டி திரும்பி வரவேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

வண்டியின்மேல் பலகை அடித்து இருக்கை கட்டினோம். மேலே இருவர் அமரலாம். முன்னால் ஒருவர் தலையைத் தாங்கிக்கொண்டு இழுக்கவேண்டும், பின்னால் ஒருவர் குனிந்து தள்ளவேண்டும். கோழிக்கூட்டுக் கம்பிவலையில் தலை. தூசு உறிஞ்சும் மெசினின் பழைய குழாய் தும்பிக்கை. லான் தோலைத் தைத்தாள். கிடைத்த படங்கு இராணுவக் கூடாரப் பச்சை. "இந்த நிறம் பாத்தது எனக்குக் காணும்" என்று சொல்லி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பித் தைத்தாள். அதனால் யானை சாம்பலும் இல்லாமல் பச்சையும் இல்லாமல், காய்ச்சலில் கிடந்து எழும்பிய நிறத்தில் வந்தது.

யானை நிபுணர் என்றபடியால் குலம் அண்ணை ஒன்றும் செய்யாமல் பக்கத்தில் நின்று கட்டளை போட்டார். "காது இன்னும் பெரிசா வேணும். கிழட்டு யானைக்குக் காது தொங்கும்."

உள்ளே எங்களுக்குக் கண் தெரியாது என்பதால் ஒரு ஏற்பாடு செய்தோம். லான் மேலே இருந்து பலகையில் ஒருமுறை தட்டினால் நடக்கவேண்டும். இருமுறை தட்டினால் நிற்கவேண்டும். மண்டபத்தை மூன்று முறை சுற்றி வந்து நின்றால் கதை முடிந்தது.

வெள்ளைத் துண்டு

விழாவுக்கு முந்திய வெள்ளிக்கிழமை லான் வழக்கம்போல வேலைக்கு வந்தாள், தைத்தாள், போனாள். ஹுவாதான் எங்களிடம் சொன்னாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை.

விடுதிக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்திருந்தது. அந்த வீட்டு மனிதர் லானின் கணவனோடு அந்தச் சிறைமுகாமில் இருந்தவர். காய்ச்சலில் அவன் செத்ததையும், தானே மண் வெட்டிப் போட்டுப் புதைத்ததையும் சொன்னார். போன வருடமே நடந்திருக்கிறது. லான் கோட்டு வாங்கிய காலத்தில் அவன் உயிரோடு இல்லை.

மறுநாள் சனிக்கிழமை தூ ஐயா எல்லாரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். சரோவும் என்னோடு வந்தாள். அவர்கள் தங்கள் மொழியில் பேசினார்கள். ஹுவா எங்கள் காதுக்குள் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கிழவரின் மடியில் ஒரு வெள்ளைத் துணிப்பட்டி மடித்து வைத்திருந்தது. சாவு வீட்டுக்காரர் தலையில் கட்டுவது. லான் அதைக் கட்டவேண்டும், நாளைக்கு யானையில் ஏறக்கூடாது, தங்கச்சியாக ஏறவிருந்த ஹுவா அக்காவாக இருக்கட்டும், தங்கச்சிக்கு வேறு யாரையாவது பார்ப்போம் என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. முறை அது.

லான் துணியைப் பார்க்கவில்லை. "ஐயா, ட்ருங் ட்ராக் என்ன உடுத்தவ?" என்று கேட்டாள்.

கிழவர் மடியிலிருந்த துணியின் மடிப்பைச் சரிசெய்தார்.

"புருசன்ர துக்கம் முடியேல்ல. அவ வெள்ளை கட்டினவவா?"

"அவ அரசி."

"அப்ப அரசியில்லை. பிறகுதான் ஆனவ."

சரோ என் பக்கம் குனிந்து, அடக்காத குரலில் தமிழில் சொன்னாள்: "புருசன் செத்தாப் பொம்பிளை வெள்ளையைக் கட்டிக்கொண்டு மூலையில இருக்கவேணும் எண்டு எங்கட ஆக்கள் மட்டும்தான் கண்டுபிடிச்சவை எண்டு நினைச்சன். உலகம் முழுக்க உந்தத் துணிக்கடை இருக்குது போல."

அவள் என்ன சொன்னாள் என்று கிழவர் கேட்டார். நான் மொழிபெயர்க்கவில்லை. சரோவே எழும்பி, தன் ஆங்கிலத்தில் சொன்னாள். கிழவரின் வாய் ஒரு பக்கம் கொஞ்சம் கோணியது. அது சிரிப்பென்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

"ஏறு" என்றார் லானிடம். "ஆனா இறங்கின உடனே கட்டவேணும். எல்லாருக்கும் முன்னால."

"இறங்கின உடனே" என்றாள் லான்.

கிழவர் அந்தத் துணியைச் சரோவின் கையில் கொடுத்தார். வாசலில் நின்று, லான் இறங்கியதும் நீட்டவேண்டியது அவள் பொறுப்பு. பிறகு சரோ லானின் அறைக்குப் போய்ப் பொன்னிறப் பட்டைத் தோளுக்கு அளவு பார்த்துக் குத்திக் கொடுத்துவிட்டு வந்தாள். பஸ்ஸில் வரும்போது வெள்ளைத் துணியை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"லான் என்ன சொன்னவ?" என்று கேட்டேன்.

"கதவுக்குப் பின்னால தொங்கின கோட்டைத் தடவி, இது நல்ல கம்பளி எண்டவ. வேற ஒண்டும் சொல்லேல்ல."

சிவனே சிவப்பு

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். காலையில் நாங்கள் யானையை மண்டபத்தின் பக்கத்து அறைக்குள் கொண்டுபோய் நிறுத்தினோம். வியட்நாமியர் எல்லாரும் சமையலில் இருந்தார்கள். குலம் அண்ணை யானையின் முகத்தைப் பார்த்துவிட்டு, "நெத்தி வெறுமையாக் கிடக்குது" என்றார்.

யானை நெற்றி வெறுமையாகக் கிடக்கக்கூடாது. அது சைவக் குடும்பத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். சரோவின் மஞ்சள் துணியொன்றை நெற்றிப்பட்டமாகக் கட்டினார். அதன்மேல் மூன்று குறி திருநீறு போடவேண்டும். வெள்ளைச் சோக்கு மஞ்சளில் எடுபடவில்லை. அவரிடம் இருந்த வேறு ஒரே நிறம், பழுதான படங்குகளில் அடையாளம் போடத் தொழிற்சாலையில் வைத்திருக்கும் சிவப்பு மை.

"அண்ணை, திருநீறு சிவப்பில்லையே."

"சிவனே சிவப்பு. நீ பேசாம இரு."

மஞ்சள் துணியில் சிவப்பாக மூன்று கோடு. நேராக, வடிவாக, குறுக்காக இழுத்துவிட்டுத் தள்ளி நின்று கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். தென் வியட்நாமின் கொடி எப்படியிருக்கும் என்று எங்கள் இருவருக்கும் அப்போது ஞாபகம் வரவில்லை. மஞ்சள் துணியில் குறுக்காக மூன்று சிவப்புக் கோடு. சொந்த நாட்டில் எந்தக் கம்பத்திலும் பறக்க அனுமதியில்லாமல், பெட்டிகளின் அடியில் மடிந்து கிடந்த கொடி அது.

பிற்பகல் கதவு திறந்தது. மேலிருந்து ஒரு தட்டு. குலம் அண்ணை இழுத்தார், நான் தள்ளினேன். யானை மண்டபத்துக்குள் நுழைந்தது.

சத்தம் சட்டென்று அடங்கியது. குழந்தைகள்கூட நிறுத்திவிட்டார்கள். பிறகு கதிரைகள் தரையில் உரசும் ஓசை. ஒன்று, பத்து, எல்லாக் கதிரையும். சனம் எழும்பி நிற்கிறது.

"பாத்தியோ தம்பி" என்றார் குலம் அண்ணை, இருட்டுக்குள் பெருமை பொங்க. "பிள்ளையாருக்கு எழும்பீட்டினம்."

ஒரு கிழட்டுக் குரல் பாட ஆரம்பித்தது. தூ ஐயாவின் குரல். பின்னால் மண்டபம் முழுவதும் சேர்ந்துகொண்டது. அது தேவாரம் இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. தலைக்கு மேலே பலகை கிறீச்சிட்டது. லான் எழும்பி நின்றிருக்கவேண்டும். அவளுடைய கணவன் அந்தக் கொடிக்குக் கீழ் நின்றவன். சரோ பிறகு சொன்னாள், வாசலில் நின்ற பெரிய மனிதர்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்களாம். திருநீறு பூசப்போய் ஒரு தேசத்தையே பூசிவிட்டார் குலம் அண்ணை. விடயம் தெரிந்த பிறகும் அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர்களுடைய கொடியை முதலில் வரைந்தவன் சைவனாக இருந்திருப்பான் என்று சாகும்வரை சொன்னார்.

இரண்டு தட்டு

பாட்டு முடிந்து கசெட்டில் படைவாத்தியம் தொடங்கியது. நாங்கள் சுற்றினோம். முதல் சுற்றில் குலம் அண்ணை முழங்காலைப் பற்றி முறையிட்டார். இரண்டாவதில் முதுகு. மூன்றாவதில், பிரித்தானியர் காலத்தில் யானைக்கு உண்மையான யானையைத்தான் வைத்திருப்பார்கள் என்றார். என் முகத்தில் வியர்வை ஓடிக் கண்ணில் எரிந்தது. மேலே ஹுவா சிரிப்பதும், சனம் கைதட்டுவதும் கேட்டன.

மூன்றாவது சுற்று முடிந்தது. கசெட் ஓடி முடிந்து நின்றது. நாங்கள் இரண்டு தட்டுக்காகக் காத்திருந்தோம். ஒரு தட்டு விழுந்தது.

"தம்பி, ஒண்டோ ரெண்டோ?"

"ஒண்டுதான்."

"எண்ணத் தெரியாதோ உவளுக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டு இழுத்தார்.

நான்காவது சுற்றின் முடிவிலும் ஒரே தட்டு. வாத்தியம் இல்லை, கைதட்டலும் ஓய்ந்துவிட்டது. வண்டிச் சில்லு தரையில் உருளும் சத்தம் மட்டும் கேட்டது. ஹுவாவின் சிரிப்பும் நின்றுவிட்டது. வாசலைக் கடக்கும்போது சரோவின் செருப்பு என் காலடியில், படங்கின் விளிம்புக்குக் கீழே தெரிந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவள் கையில் அந்த வெள்ளைத் துணி இருக்கிறது. யானை நடக்கும்வரை மேலே இருப்பவள் ட்ருங் ட்ராக். நின்றால் இறங்கவேண்டும். இறங்கினால் கட்டவேண்டும். கட்டினால் அவன் செத்தவன்.

நான் அழுதேன். யானைக்குள் அழுவதில் ஒரு வசதி, ஒருவரும் பார்க்கமாட்டார்கள்.

குலம் அண்ணைக்கும் எங்கோ ஓர் இடத்தில் விளங்கியிருக்கவேண்டும். முறைப்பாடு நின்றுவிட்டது. அந்த முழங்கால் மடங்கும் ஒவ்வொரு முறையும் அவர் மூச்சை இழுத்துப் பிடிப்பது எனக்குக் கேட்டது. ஆனால் வேகம் குறையவில்லை.

பிறகு ஒரு முரசு ஒலித்தது. எங்கள் நடைக்கு ஏற்றபடி, மெதுவாக. யார் அடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தூ ஐயாதான் என்று சரோ பிறகு சொன்னாள். இறங்கின உடனே கட்டவேணும் என்று கட்டளையிட்ட அதே கிழவர், அவள் இறங்காமலிருக்க எழும்பி நின்று அடித்துக்கொண்டிருந்தார். எத்தனை சுற்றுப் போனோம் என்று நான் எண்ணவில்லை. கணக்கு வாத்தியார், எண்ணவில்லை.

கடைசியில் தட்டினாள். ஒன்று. கொஞ்சம் பொறுத்து, மெல்ல, இன்னொன்று.

இரண்டு தட்டு. நான் வண்டிக் கம்பியிலிருந்து கையை எடுத்தேன். முரசும் நின்றுவிட்டது. வண்டி மட்டும் நிற்கவில்லை. முன்னால் குலம் அண்ணை இழுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணை, நிக்கச் சொல்லுறா."

"கேட்டது."

"பிறகென்ன?"

"கிழட்டு யானைக்குக் காது கொஞ்சம் மந்தம். நீ தள்ளு."

நான் தள்ளினேன்.